கேள்வி பதினொன்று

'உங்கள் துறையில் உங்களையொத்த ஏனைய அமைப்புகளை
எவ்வாறு நோக்குகிறீர்கள்?
ஐம்பது சொற்களுக்கு மேற்படாமல்.'

கொக்கட்டிச்சோலைக் கொமினிகேசன் கடையில்
மணிக்கணக்கில் காசு ஓடும் கணினியின் முன்
அரை மணித்தியாலமாய் இருக்கிறேன்.

வேலி வழியாக, என்று எழுதலாம்.
தகர வேலி. ஆணி கழன்ற இடத்தில் ஒரு கண் அளவு ஓட்டை.
அங்கால் அவர்களின் மண்டபம்.
நாங்கள் ஒன்பதாம் வாய்ப்பாட்டில் நிற்கும்போது
அவர்கள் ஆங்கிலத்தில் கிழமை நாட்களைக் கூவுவார்கள்;
எங்கள் அறுபத்துமூன்று
அவர்களின் வியாழக்கிழமையில் மோதி விழும்.

அவர்களிடம் சாய்மானக் கதிரை, நீல ரீசேட்,
செவ்வாய் தோறும் பணிஸ்.
எங்களிடம் பாய்.
செவ்வாயில் பாயில் பதினொரு பிள்ளை குறையும்.
குறைந்தவர்களுக்கும் இடாப்பில் வரவு போட்டேன்.
முழுப்பொய் இல்லை:
கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தானே இருந்தார்கள்.

பிரதேச செயலகக் கூட்டத்தில்
எமில்டாவும் நானும் பக்கத்துப் பக்கத்துக் கதிரை.
'ஒரே வேலையை ரெண்டு பேர் செய்யிறதைத் தவிருங்கோ'
என்றார் உத்தியோகத்தர்.
இரண்டு பேரும் தலையாட்டினோம்,
மற்றவளைத்தான் சொல்கிறார் என்று.

கேள்வி ஐந்துக்கு நேற்றே பதில் எழுதியாயிற்று:
'இப்பகுதியில் மாலைநேரக் கல்வி வழங்கும்
வேறு அமைப்புகள் எவையும் இல்லை.'
சற்றுமுன் கடைப் பொடியன்
பிரின்ரரிலிருந்து மாறி எடுத்துத் தந்த தாளில்
நீலச் சின்னம், எமில்டாவின் கையொப்பம்,
கேள்வி ஐந்து, அதே வசனம்.
'எவையும்' இருந்த இடத்தில் 'ஒன்றும்'.
எங்களுக்குள் வித்தியாசம் அவ்வளவுதான் போல.

போன மாரியில்
தாந்தாமலைப் பக்கமிருந்து இறங்கிய மூன்று யானை
வயல் வரம்பில் நின்றன.
ஆறரை மணி. கரண்ட் இல்லை.
முப்பத்தெட்டுப் பிள்ளைகள், நான், ஒரு ரோச் லைற்.
தகரத்தில் தட்டும் சத்தம்.
யானை கலைக்கிறார்கள் என்று நினைத்தேன்.
எமில்டா.
'வான் நிக்குது. சின்னதுகளை முதல்ல விடுங்கோ.'
நிஸ்தார் நானா நாலு தரம் போய் வந்தார்.
எந்தப் பிள்ளை எவருடையது என்று
அந்த இருட்டில் ஒருத்தரும் கேட்கவில்லை.

அடுத்த நாள் விடிய,
அவளுடைய மாத அறிக்கையில்
பயனாளிகள் முப்பத்தெட்டுக் கூடியிருக்குமோ
என்று யோசித்தேன்.
யோசித்ததை மறைப்பானேன்.

கேதுஷாவின் கொப்பி என் பையில் கிடக்கிறது, திருத்துவதற்கு.
முன்னாலிருந்து எங்கள் கணிதம்.
திருப்பிப் பிடித்தால்
பின்னாலிருந்து அவர்களின் ஆங்கிலம்.
நடுவில் நாலு பக்கம் மிச்சம்.
'இது முடிஞ்சா புதுக்கொப்பி
எந்தப் பக்கத்து ரீச்சர் வாங்கித் தருவா?'
இன்னும் பதில் சொல்லவில்லை நான்.

விதுர்ஜனின் பெயர் இரண்டு இடாப்பிலும் இல்லை.
நாலரைக்கு, சரியாக வகுப்பு தொடங்கும்போது,
செங்கல் ஏற்றிய மெசினின் மேலிருந்து
எங்களுக்கும் கை காட்டுவான்,
அவர்களுக்கும்.
அவனை எந்தக் கேள்வியில் எழுதுவது?

கேள்வி ஐந்தை அழித்தேன்.
எல்லாவற்றையும் இல்லை, 'இல்லை' என்பதை மட்டும்.
வசனம் காலொடிந்து நிற்கிறது.

பதினொன்றில் இதுவரை:
'அவர்களிடம் வான் உண்டு.
எங்களிடம் கணித ஆசிரியர் உண்டு.
வேலியில் ஓட்டை உண்டு.'
பத்துச் சொல். நாற்பது மிச்சம்,
காசு எட்டு நிமிசத்துக்குத்தான் மிச்சம்.

'பிரின்ற் போடவா ரீச்சர்?'
பொடியன் எட்டிப் பார்க்கிறான்.
'எத்தினை கொப்பி?
ஒண்டா,
ரெண்டா?'